அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டவர்களும், நான் கொடுத்துவிட்ட புத்தகங்களும்

போன வாரம் நம் வாசகர் வட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள்: "பொன்னியின் செல்வன் முடிச்சாச்சு. அதே மாதிரி காதலும் சண்டையுமா அடுத்து எதைப் படிக்கிறது?" ஆளுக்கு ஒரு பெயர் சொன்னீர்கள். யாருக்காவது நாவலைச் சிபாரிசு செய்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்றும் சொன்னீர்கள். நாகப்பட்டினம் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். சிபாரிசு செய்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். அதையே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், 2022. படம் வந்த நேரம். எங்கள் நூலகத்தில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் உண்டு. 'புது வெள்ளம்' முதுகு பிய்ந்து ஒட்டுப்போட்டுக் கிடக்கும். 'தியாகச் சிகரம்' பைண்டிங் பசை வாசனைகூடப் போகாமல் இருக்கும். எத்தனை பேர் கடைசி வரை போகிறார்கள் என்பதை அலமாரியே சொல்லிவிடும். அப்படியிருக்க, ஒரு கல்லூரிப் பெண் மூன்றே வாரத்தில் ஐந்தையும் முடித்துவிட்டு வந்து நின்றாள். எனக்கு ஒரே உற்சாகம். சாண்டில்யனின் கடல் புறா முதல் பாகத்தை எடுத்து நீட்டினேன். நம் ஊர்க் கடல், கருணாகரத் தொண்டைமான், கடாரம், கப்பல் சண்டை. வேறென்ன வேண்டும்?

நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"கப்பல் வர்ற இடமெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா ஹீரோயின் உள்ள வந்தா கதை நின்னுடுது சார். வர்ணனை முடிஞ்சு திரும்பக் கப்பல் கிளம்பறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுது."

சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் காலத்தில் சாண்டில்யன் புத்தகங்களில் அந்தப் பக்கங்களின் ஓரம்தான் மடங்கிக் கிடக்கும். ஐம்பது தாண்டியவனின் இளமைக்கால ரசனையை இருபது வயதுப் பெண்ணிடம் தள்ளிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து சிவகாமியின் சபதம் கொடுத்தேன். இது சரியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் நாலு பாகமும் முடித்துவிட்டுக் கோபமாக வந்தாள். முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை. படித்தவர்களுக்கு ஏன் கோபம் என்று தெரியும். அவளிடம் நான் சொன்னது இதுதான்: பல்லவ ராஜா நரசிம்மவர்மன் சாளுக்கியர் தலைநகர் வாதாபியைப் பிடித்தது 642இல். அது எல்லோருக்கும் தெரிந்த சேதி. போரில் யார் ஜெயிப்பார் என்பதை மறைத்து வைத்துக் கதை நடத்தக் கல்கியால் முடியாது. சிற்பியின் மகளும் அவள் காதலும் என்ன ஆவார்கள் என்பதைச் சொல்லத்தான் கல்வெட்டு எதுவும் கிடையாது. சரித்திர நாவலில் நாம் நகத்தைக் கடிப்பது அந்தப் பகுதிக்காகத்தான். "அப்ப அங்கயாவது நல்லபடியா முடிச்சிருக்கலாம்ல?" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

வேங்கையின் மைந்தன் கொடுத்து ஒருவாறு சமாதானம் செய்தேன். அகிலனுக்கு 1963இல் சாகித்திய அகாதெமி வாங்கித் தந்த நாவல். எதிரி நாட்டு ரோகிணியா, சோழர் வீட்டு அருள்மொழியா என்று இளங்கோ தவிக்கிற தவிப்பு அவளுக்குப் பிடித்துவிட்டது. அவள் கதை இத்துடன் போதும்.

நான் சொல்ல வந்தது பெரியம்மாவைப் பற்றி. உறவு இல்லை. நூலகத்துக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர், வயது எண்பத்தெட்டு. கண்புரை அறுவை செய்தும் சின்ன எழுத்து தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் வாசித்துக் காட்டுவது வழக்கம். அவருக்கும் முதலில் பொன்னியின் செல்வனைத்தான் எடுத்துப் போனேன். ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரை மேல் வந்தியத்தேவன். இரண்டாம் அத்தியாயம் தாண்டவில்லை, கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இது வாராவாரம் பத்திரிகையில வந்தப்பவே எங்க அண்ணன் படிக்கக் கேட்டாச்சு தம்பி. ராஜா வீட்டுச் சண்டை. எங்க வீட்டுக்கு வந்த சண்டை வேற."

உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து, துணியில் மடித்து வைத்த ஒரு நோட்டை எடுத்து வந்தார். பத்து டாலர் நோட்டு. ராஜா படம் இல்லை, ராணி படம் இல்லை. குலையோடு ஒரு வாழை மரம்! ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்தபோது அச்சடித்த காசு. மடிப்புகளில் வெளுத்து, தொட்டால் கிழிந்துவிடும் போல இருந்தது. "பூவன் மாதிரி இல்ல?" என்றார் பெரியம்மா, குலையை விரலால் காட்டி.

அவர் அப்பா 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். கப்பல் கடலுக்குள் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். ரஜூலா. அந்தப் பெயரை இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வரும். பினாங்கில் இறங்கி ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு. மணியார்டர் வந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பரில் பினாங்கு போனது, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது. அதோடு மணியார்டரும் நின்றது, கடுதாசியும் நின்றது. அம்மா தினம் வாசலில் நிற்பாராம். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தபால்காரர் கொஞ்ச நாளில் பின் தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டாராம்.

அப்பா திரும்பி வந்தது 1946இல். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண் ஆறிய வடு. "சயாமுக்குக் கொண்டு போனாங்க" என்பார், இன்றைய தாய்லாந்துக்கு. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. செல்லாத நோட்டை எதுக்குப்பா வச்சிருக்கே என்று கேட்டால், "சம்பளம்மா அது" என்பாராம்.

சரி, பெரியம்மாவுக்கு எதைக் கொடுப்பது? எனக்குத் தெரிந்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சுமத்ராவின் மெடான், பினாங்கு, நேதாஜியின் ராணுவத்தில் சேர்கிற பாண்டியன். 1972இல் வெளிவந்தது. தமிழில் போர் நாவல் என்று ஒன்றே ஒன்றைக் காட்டச் சொன்னால் இன்றும் அதைத்தான் காட்டுவேன். அதை வாசித்தேன். ஜப்பான் படை மெடானுக்குள் வருகிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் தமிழன் பெருமை, சிறுமை என்று கூடி உட்கார்ந்து விவாதிக்கிற பக்கங்கள் வந்தால் கொட்டாவி. அந்தக் கிண்டல்தான் எனக்கு உயிர். என்ன செய்வது, என் ரசனையை மறுபடியும் இன்னொருவர் தலையில் கட்டிவிட்டேன்.

அப்புறம் சிங்காரத்தின் இன்னொரு நாவல், 'கடலுக்கு அப்பால்'. இதை முதலில் எடுத்திருக்க வேண்டும். முன்னால் எழுதியது, சின்னது. இரண்டும் ஒரே தொகுதியாகவும் கிடைக்கிறது. காதலும் போரும் கேட்ட தங்கைக்கும் இதையே சொல்கிறேன். பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா போருக்குப் போய்விட்டு வருகிறான். கடை முதலாளியின் மகள் மரகதம் அவனுக்கென்றே இருக்கிறாள். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனிக் கடைக்கு ஆக மாட்டான், பெண்ணுக்கும் ஆக மாட்டான் என்று நினைக்கிறார் அப்பா. அவ்வளவுதான் கதை. குண்டு விழுகிற பக்கங்களைவிட, பெண்ணைத் தர மறுக்கிற அந்த வீட்டின் அமைதி என்னைப் பயமுறுத்தியது. "பட்டாளத்துக்குப் போனது ஒரு குத்தமா?" என்று பெரியம்மா என்னையே அதட்டினார், ஏதோ நான்தான் பெண்ணைத் தர மாட்டேன் என்றதுபோல.

அதை முடித்த அன்று கேட்டார்: "இதெல்லாம் கடை வச்சிருந்தவங்க, பட்டாளத்துக்குப் போனவங்க கதையால்ல இருக்கு. தோட்டத்துல கெடந்தவங்களைப் பத்தி யாரும் எழுதலையா?"

இருபத்தெட்டு வருஷம் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தவனுக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. தேடியதில், மலேசியாவில் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' கிடைத்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் அங்கே பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். அவர்களைவிட அதிகமாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் ஆயிரம் ஆயிரமாக இருந்தார்கள். காலரா, பசி, காலில் அழுகுகிற புண். புண்ணைப் பற்றிச் சொன்னபோது பெரியம்மா தன் காலைத் தடவிக்கொண்டார். இந்த இடத்தில் வடு, இந்த அளவு என்று எனக்குக் காட்டினார்.

*

காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியது:

சார், எனக்கு நேர் எதிர் அனுபவம். படம் வந்ததிலிருந்து மெட்ராஸ் ஆட்கள் வீராணம் ஏரிக்கரையில் (நாவலில் வருகிற வீரநாராயண ஏரிதான்) காரை நிறுத்திவிட்டு, வந்தியத்தேவன் எங்கே நின்றான் என்று கேட்கிறார்கள். ஆடி பதினெட்டுக்கு ஏரி நிறைந்திருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். கொள்ளிடத்துக் கீழணையில் திறந்து வடவாற்றில் தண்ணீர் வந்தால்தானே ஏரியில் தண்ணீர்! காய்ந்த ஏரியைப் பார்த்து ஒரு அம்மா கண் கலங்கிவிட்டார்.

அவர்களை உடையார்குடி அனந்தீசுவரர் கோவிலுக்கு அழைத்துப் போவேன். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் அங்கே கல்வெட்டில் இருக்கின்றன. ராஜராஜன் பட்டமேறிய இரண்டாம் ஆட்சியாண்டு. நாவலில் ரவிதாசன் ஆந்தை போலக் கத்துகிற மந்திரவாதி. கல்வெட்டிலோ பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம் வாங்கிய அதிகாரி. அதைச் சொன்னதும் ஒரு தம்பி, "அப்ப முதல்ல இருந்து திரும்பப் படிக்கணும் அண்ணே" என்றான். புதுசாக எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. அதையே இரண்டாம் தரம் படிக்கச் சொல்கிறேன்.

காரைக்காலில் வேலை பார்க்கும் ஒருவர்:

பிரபஞ்சனை யாருமே சொல்லவில்லையே? 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்'. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து கிளைத்த நாவல்கள். தஞ்சாவூர் மராத்திய அரண்மனையில் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டதில் 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போனது. தினம் அந்த எல்லையைப் பஸ்ஸில் தாண்டி வேலைக்கு வருகிறேன். இப்படித்தான் வந்த எல்லை என்று அதைப் படித்த பிறகே விளங்கியது. காதல் கொஞ்சம் கம்மி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி கேட்ட தங்கை:

அண்ணா, கடலுக்கு அப்பால் ஆர்டர் போட்டாச்சு. பெரியம்மாவுக்கு இப்போ என்ன வாசிக்கிறீங்க?

*

அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். ரயில் கதை முடிந்த மறுவாரம், தோட்டத்துக் கதைகளாக இன்னும் இரண்டு தேடி எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அழுததெல்லாம் போதும் தம்பி. அந்தக் காலேஜுப் பொண்ணு வேணாம்னு திருப்பிக் குடுத்தான்னியே, கப்பல் கதை. அதைக் கொண்டா" என்றார்.

கடல் புறா முதல் பாகம் பாதி தாண்டிவிட்டது. வர்ணனை வருகிற இடங்களில் நான்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு இரண்டு வரியைத் தாண்டப் பார்க்கிறேன். "முழுங்காம படிப்பா" என்கிறார்.