அம்மாவோட இருந்து ஜெபிக்க ஆராவது வருவீங்களோ?

வணக்கம் உறவுகளே. 2009 இல அண்ணா காணாமல் போனதிலயிருந்து அம்மாவுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. பாரஞ்சுமக்கிறவையை இயேசு தன்னட்ட வரச்சொல்லுற மத்தேயு 11:28 வசனம் அவவுக்கு மனப்பாடம். ஆனா பாரத்தை இயேசுவிட்ட இறக்கி வைச்சால் பிள்ளையைக் கைவிட்ட மாதிரி ஆகிடுமோ எண்டு பயப்பிடுறா. சங்கீதம் 55:22 பாரத்தைக் கர்த்தர்மேல வைக்கச் சொல்லுதே தவிர, மறக்கச் சொல்லேல்லை. நான் சொல்லி அவவுக்கு ஏறுதில்லை, மகள்தானே.

இதே துயரத்துக்குள்ள இருந்து ஜெபத்தில ஆறுதல் கண்ட தாய்மார் யாழ்ப்பாணத்தில இருந்தால், ஒருக்கா வந்து அவவோட கதைப்பீங்களோ? புத்திமதி வேண்டாம், அது நிறையக் கேட்டிட்டா. பக்கத்தில இருந்தாலே போதும்.

மற்றது, மருதனாமடம் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தில வயது போனவை ஒரு பகல் அமைதியா இருந்து ஜெபிக்கலாமோ? முன்கூட்டியே கேக்க வேணுமோ? அம்மாவுக்கு நிலத்தில இருக்க ஏலாது, கதிரை வேணும். போய்வந்தவை சொல்லுங்கோ.