கலைச்சொல் தேவை: ஆடாத மாதங்களில் கை மறக்காமல் இருக்கச் செய்யும் பயிற்சிக்கு

மடல் 1

அன்புள்ள நண்பர்களே,

குழிப்பந்தாட்டம் பற்றி ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோல்ஃப் என்றே எழுதினால் போதாதா என்ற சண்டை இந்த இழையில் வேண்டாம். அதைப் போன முறையே போட்டு முடித்துவிட்டோம். மட்டை, குழி, வீச்சு எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையான பட்டரை மட்டும் 'உருட்டுமட்டை' ஆக்கினேன். பட்டர் என்று எழுதினால் பாதிப் பேர் கோயிலையும் மீதிப் பேர் வெண்ணெயையும் நினைக்கிறார்கள்.

மாட்டிக்கொண்டு நிற்பது குளிர்கால இயலில். உறைபனியில் திடல் மூடிக் கிடக்கும் மூன்று நான்கு மாதம் ஆட்டக்காரர் வீட்டுக்குள் ஏதாவது செய்துகொண்டே இருப்பார். கம்பளத்தில் பந்தை உருட்டுவார், வலைக்குள் அடிப்பார், கண்ணாடி முன் நின்று மெதுவாக வீசிப் பார்ப்பார். புதிதாக ஒன்றும் கற்பதில்லை. கையில் இருப்பது போய்விடாமல் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். இதற்கு 'குளிர்காலப் பராமரிப்புப் பயிற்சி' என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுநாள் படித்தால் கொதிகலனுக்கு எண்ணெய் விடச் சொல்வது போல இருக்கிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

அன்புடன்,
கோ.

மடல் 2

கோ.,

'சாதகம்' இருக்கிறதே! இசைக்காரர்கள் நாள்தோறும் செய்வது அதுதான். கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடியற்காலையில் உட்கார்ந்து குரலைப் பழக்குவார்கள். புதுப் பாட்டு கற்பது வேறு, சாதகம் வேறு. நீங்கள் தேடும் வேறுபாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று, 'துருக்காப்பு'. ஆட்டத்தில் துரு ஏறாமல் காப்பது.

நெ.

மடல் 3

நெ. ஐயாவுக்கு வணக்கம்.

> 'சாதகம்' இருக்கிறதே!

இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிறது. 'குளிர்காலத்தில் சாதகம் பார்த்தார்' என்று எழுதினால் கட்டத்தில் சனி எங்கே என்று கேட்பார்கள். 'ஆட்டத்துக்குச் சாதகமான காலம்' என்று அடுத்த பத்தியிலேயே எழுதவேண்டி வரும். இசைக்காரர்களிடமே இருக்கட்டும்.

துருக்காப்பு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துரு ஏறுவது மட்டையில்தானே? வாசகர் மட்டைக்கு எண்ணெய் பூசக் கிளம்பிவிடுவார். கோ. தப்பிக்க நினைத்த எண்ணெய் மறுபடியும் வந்துவிட்டது!

நான் பனி நிறைய விழும் ஊரில் இருந்து பல ஆண்டுகளாக ஆடுபவள். சொல் ஆக்குவதற்கு முன் பொருளைச் சரியாகப் பார்த்துவிடுவோம். குளிர்காலத்தில் போவது எது?

வீச்சு அவ்வளவு சீக்கிரம் போகாது. உடம்பு அதை நினைவு வைத்திருக்கிறது. முதலில் போவது அளவு. பத்து அடி உருட்ட எவ்வளவு விசை, முப்பது அடிக்கு எவ்வளவு என்பது விரலில் இருக்கிற கணக்கு. இரண்டு வாரம் தொடாவிட்டால் அது கரையத் தொடங்கிவிடுகிறது, குறைந்தது எனக்கு. 18 குழிக்கு 72 முறை அடிக்கும் ஆட்டத்தில் ஒரு குழிக்கு 2 உருட்டு என்ற கணக்கில் 36 முறை உருட்டுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பாதி ஆட்டம்! அந்தப் பாதியை வீட்டுக்குள்ளேயே காப்பாற்றிக்கொள்ளலாம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு அடிக்கோல், அகலம் 30 மில்லிமீட்டர். அதைத் தரையில் படுக்கவைத்து, ஒரு முனையில் பந்தை வைத்து, மறுமுனை வரை அடிக்கோலின் மேலேயே ஓடும்படி உருட்டவேண்டும். மட்டையின் முகம் ஒரு பாகை திரும்பியிருந்தால் ஒரு மீட்டரில் பந்து 17 மில்லிமீட்டர் விலகும். அடிக்கோலின் நடுவிலிருந்து ஓரத்துக்கு 15தான். பாதியைத் தாண்டியதும் பந்து மெல்ல இடப்பக்கம் சாயும், கடைசி விரற்கடையில் 'டிக்' என்று தரையில் விழும். அந்தச் சத்தம் மனிதரைப் பைத்தியமாக்கும். போன பனிக்காலத்தில் முதல் நாள் பத்துக்கு மூன்றுதான் மறுமுனை சேர்ந்தது.

இப்போது குழியைப் பாருங்கள். அதன் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து நேராக உருட்டும்போது இப்பக்கமும் அப்பக்கமும் ஏறக்குறைய ஒரு பாகைதான் தவறலாம். ஆக அந்த அடிக்கோல் மூன்று மீட்டர்க் குழிக்கு நிகர், கொஞ்சம் கூடக் கடினம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடைவழியில் இதைச் செய்துவிடலாம்.

திசைக்கு அடிக்கோல். அளவுக்கு வேறு. கண்ணை மூடிக்கொண்டு உருட்டி, பந்து எங்கே நின்றது என்று வாயால் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறக்கவேண்டும். கம்பளத்தின் வேகமும் புல்லின் வேகமும் ஒன்றல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் இங்கே காப்பது தூரத்தை அல்ல, விரலுக்கும் தூரத்துக்கும் உள்ள உறவை.

எனவே சொல்லில் 'காப்பு' வரட்டும். எதைக் காக்கிறோம் என்பதற்குத்தான் சொல் வேண்டும்.

சு.

மடல் 4

சு. அம்மா,

அருமை. 'டிக்' எனக்கே கேட்டது.

நீங்கள் சொல்லும் 'விரலில் இருக்கிற கணக்கு' தமிழில் பதம். இரும்பு பதமாகக் காய்ந்தது, மண் பதமாக இருக்கிறது, பாகு பதம் வந்துவிட்டது என்கிறோம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த ஒரு நிலை. கத்தியின் கூருக்கும் பதம் என்ற பெயர் உண்டு. விட்டுவிட்டால் தானே இறங்கிப்போகும் என்பதும் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதம் + காப்பு = பதங்காப்பு.

நெ.

மடல் 5

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன்.

இரண்டு கேள்வி.

ஒன்று, மகர ஈறு. மரக்கிளை போலப் பதக்காப்பு என்றல்லவா வரவேண்டும்?

இரண்டு, 'பதப்படுத்துதல்' என்ற சொல் ஏற்கெனவே தோலுக்கும் மீனுக்கும் போய்விட்டது. பதங்காப்பு என்றால் ஆட்டக்காரரை உப்புப் போட்டு ஊறவைப்பது போலில்லையா? 'பயிற்சி' என்றே எழுதிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? எல்லாவற்றுக்கும் சொல் ஆக்கவேண்டும் என்று விதியா?

அ.

மடல் 6

அ. தம்பி,

மரங்கொத்தியும் மகர ஈறுதான். மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, பதத்தைக் காப்பது பதங்காப்பு. அதோடு, பதக்காப்பு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பதக்கமும் காப்பும் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியது போலிருக்கிறது.

உப்புக் கேள்வி நியாயமானது. ஆனால் பதப்படுத்துவது என்றால் இல்லாத பதத்தை வரவழைப்பது. இங்கே பதம் முன்பே இருக்கிறது. வினை வேறு என்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

பயிற்சி என்றே எழுதலாம் என்பதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு சொல்லை வைத்தால் அதன் அண்ணன் தம்பிகள் கூடவே வருகிறார்களா? பதங்காப்பை வைத்தால் பதமிழப்பு வருகிறது, பனி விலகியபின் செய்யும் பதமீட்பு வருகிறது. மூன்றும் மூன்று வேலை. பயிற்சி என்ற ஒரே சொல் மூன்றையும் போர்த்தி மூடிவிடும்.

நெ.

பி.கு.: பதமிழப்பு என்று எழுதிப் பார்த்தபின்தான் கண்ணில் பட்டது, நடுவில் 'தமிழ' உட்கார்ந்திருக்கிறது. அச்சில் வரி உடையும் இடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மடல் 7

நெ. ஐயா, பதங்காப்பு எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கோ. அதைக் குளிர்கால இயல் முழுவதற்கும் தலைப்பாக வைத்துவிடக் கூடாது. அங்கே சிக்கல் இருக்கிறது.

பனிக்காலத்தில் எல்லோரும் காக்க மட்டும் செய்வதில்லை. பலர் மாற்றுகிறார்கள். பிடியை மாற்ற, வீச்சின் பாதையைத் திருத்த இதைவிட நல்ல காலம் இல்லை. புதுப் பிடி பழகும்வரை பந்து கண்ட இடத்துக்குப் போகும். ஆட்ட நாளில் அதைப் பொறுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. வலைக்குள் அடித்தால் பந்து எங்கே போயிருக்கும் என்றே தெரியாது. திருத்துகிற ஆளுக்கு அதுவே நிம்மதி. பதங்காப்பவருக்கோ அதுவே தொல்லை, ஏனென்றால் வலை பொய் சொல்லும். பந்துக்கு முன்னாலேயே மட்டை தரையைத் தொட்டுவிட்டால், புல்லில் மண் பெயர்ந்து பந்து பாதியில் விழும். வலைக்கு முன் விரித்த பாயில் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். கையும் 'சபாஷ்' என்று நினைத்துக்கொள்ளும். மூன்று மாதம் இப்படிச் சபாஷ் வாங்கிய கைக்குத் திடலில் காத்திருக்கிறது அவமானம். நான் பந்துக்கு ஒரு சாண் பின்னால் துண்டை மடித்துப் போடுகிறேன். முந்தித் தொட்டால் துண்டு வரும், குற்றம் தெரிந்துவிடும்.

(முழு வீச்சு வீசுமுன் தலைக்கு மேல் பாருங்கள். எங்கள் கூடத்து விளக்கு போன கதையை இங்கே சொல்ல விரும்பவில்லை.)

இரண்டாவது, பருவத்தின் பெயர். மடல் தலைப்பில் 'ஆடாத மாதங்கள்' என்று இருக்கிறது. உண்மையில் பலர் ஆடுகிறார்கள். உறைபனி இருக்கும் காலையில் மட்டும் திடலைத் திறக்கமாட்டார்கள். உறைந்த புல்லை மிதித்தால் இலைக்குள் இருக்கும் செல்கள் உடைந்து, காலடி விழுந்த இடமெல்லாம் பழுப்பாகிவிடும். பனி உருகினதும் திறப்பார்கள். ஆனால் ஆட்டம் வேறாக இருக்கும். 30 பாகை செல்சியஸில் இருக்கும் காற்றைவிட 0 பாகைக் காற்று 10 விழுக்காட்டுக்கும் மேல் அடர்த்தி, பந்தின் உள்ளே இருக்கும் ரப்பரும் விறைத்திருக்கும். கோடையில் அடித்த அதே அடி முன்னாலேயே விழுந்துவிடும். அதை நம்பி வீச்சை மாற்றினால் வசந்தத்தில் எல்லாம் குழியைத் தாண்டிப் போகும்.

ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையிலும் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. அந்தந்தப் பகுதிச் சங்கம் ஆண்டின் ஒரு பகுதியைத் தனியே அறிவிக்கலாம். அப்போது அங்கே ஆடி எடுக்கும் எண்ணிக்கை ஹேண்டிகேப்பில் சேராது. ஆட்டம் உண்டு, கணக்கு இல்லை. ஆகவே 'ஆடாப் பருவம்' பொருந்தாது.

சு.

மடல் 8

கணக்கில்லாப் பருவம்?

அ.

மடல் 9

அ., கணக்கில்லா என்றால் எண்ணி முடியாத என்று ஆகிவிடும். கணக்கில்லாக் காசு, கணக்கில்லாப் பருவம்! 'கணக்கில் ஏறாது' என்கிறோமே, அதைப் பிடியுங்கள். கணக்கேறாப் பருவம்.

நெ.

மடல் 10

கணக்கேறாப் பருவத்தை எடுத்துக்கொண்டேன். அ.வுக்குப் பாதி, நெ. ஐயாவுக்குப் பாதி.

இயலை மூன்றாகப் பிரித்துவிட்டேன்: பதங்காப்பு, வீச்சுத் திருத்தம், பதமீட்பு. கையெழுத்துப் படியில் பதங்காப்பு வரும் இடம் இது. காதில் உறுத்துகிறதா என்று மட்டும் பாருங்கள்:

"கணக்கேறாப் பருவத்தில் நாள்தோறும் கால் மணி நேரப் பதங்காப்பு போதும். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் செய்வதைவிட இது மேல். உருட்டுக்கு அடிக்கோலும், முழு வீச்சுக்கு வலையும் மடித்த துண்டும் வேண்டும். அதே வாரத்தில் வீச்சுத் திருத்தமும் செய்வதானால் இரண்டையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம்."

கோ.

மடல் 11

உறுத்தவில்லை. ஆனால் 'போதும்' என்பதை எடுத்துவிடுங்கள். எனக்குக் கால் மணி நேரம் போதவில்லை. நேற்றுத்தான் பத்துக்கு ஏழு வந்தது.

சு.

மடல் 12

எனக்கு இன்னும் 'பயிற்சி'தான். ஆனால் அடிக்கோல் ஒன்று வாங்கிவிட்டேன். பத்துக்கு ஒன்று.

அ.