சத்திரசிகிச்சைக்குப் பின்னும் மகளின் வாக்குக்கண் திரும்பி வருகிறது

உப்புவெளித் தாய்:
என் மகளுக்கு இப்போது 6 வயது. வலது கண் வெளிப்புறமாக விலகியதால் 4 வயதில் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்வித்தோம். ஒரு வருடத்துக்கு மேல் இரு கண்களும் நேராகவே இருந்தன. ஆனால் அண்மைக் காலமாக, பின்னேரத்தில் களைத்திருக்கும்போதும் தூரத்தில் எதையாவது பார்த்தபடி யோசனையில் இருக்கும்போதும் அந்தக் கண் மெல்ல வெளியே போகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருமுறை இமை வெட்டிவிட்டு நேராகிவிடுகிறது. நிலாவெளிக் கடற்கரை வெயிலில் அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் நடக்கிறாள். வாக்குக்கண் அதிர்ஷ்டம் என்கிறார் மாமியார். கைத்தொலைபேசிதான் காரணம் என்கிறார் கணவர். செய்த சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டதா, மறுபடியும் மயக்க மருந்து கொடுக்க வேண்டி வருமா என்பதே என் பயம். கிளினிக் திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னர் போக வேண்டுமா?

மூதூர் வாசகர்:
என் மகனுக்குக் கண் உட்புறமாகத் திரும்பியது. தூரப்பார்வைக் குறைபாட்டுக்கான கண்ணாடியோடு சரியாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றியதும் மீண்டும் உள்ளே போகும், அது அந்த வகையின் இயல்பு என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். உங்கள் மகளுக்கு இருப்பது வேறு வகை என்பதால், எங்கள் அனுபவத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம் அக்கா.

கண் பரிசோதனைத் துறையில் பணிபுரிபவர்:
சகோதரி, வெளிப்புறமாக விலகும் கண் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் மீண்டும் விலகத் தொடங்குவது அரிதான ஒன்றல்ல. அதனால் மட்டும் சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டது என்று பொருளாகாது. கண்ணை அசைக்கும் தசையின் நீளத்தையோ அது ஒட்டியிருக்கும் இடத்தையோ வைத்தியர் மாற்றலாம். இரு கண்களின் காட்சியையும் ஒன்றாக்கிப் பிடித்துவைப்பது மூளையின் வேலை, அதைக் கத்தி தொடுவதில்லை. கூப்பிட்டவுடன் கண் நேருக்கு வருவது, அந்தப் பிடி இன்னும் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. வெயிலில் ஒரு கண்ணை மூடுவதும் இந்த வகையில் நன்கு அறியப்பட்ட ஒன்றுதான்.

இருந்தாலும் கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் முன்கூட்டியே காட்டுங்கள். ஒவ்வொரு கண்ணின் பார்வையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். விலகலை அருகிலும் தூரத்திலும் பட்டகம் (ஒளியைத் திருப்பும் கண்ணாடித் துண்டு) வைத்து அளக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கண்ணாடி தேவையா என்றும் சோதிக்க வேண்டும். திருத்தப்படாத கிட்டப்பார்வை இருந்தால், கண்ணாடி போட்ட பிறகு விலகல் குறைவதும் உண்டு. ஒரு கண்ணின் பார்வை மந்தமாகியிருந்தால் நல்ல கண்ணை மூடிவைக்கச் சொல்வார்கள். நடுத்தர அளவிலான மந்தத்துக்கு நாளொன்றுக்கு 2 மணித்தியாலங்கள் பல பிள்ளைகளுக்குப் போதுமானவை, ஆனால் வைத்தியர் அளவு சொல்லாமல் நீங்களாக மூடிவிடாதீர்கள். கைத்தொலைபேசியை மிக அருகில் வைத்து நெடுநேரம் பார்ப்பதோடு தொடர்புபடுத்தப்படுவது கண் திடீரென உள்ளே திரும்பும் வேறொரு வகை. இந்த விலகலுக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. அதிர்ஷ்டக் கதையைப் பற்றி நான் பேச வரவில்லை, ஆனால் அதைக் கேட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

திடீரென எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ, இமை தொங்கினாலோ, படங்களில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உப்புவெளித் தாய்:
நன்றி. காலையில் கிளினிக்குக்குப் போகும்போது கண் நேராகவே இருப்பதால் வைத்தியருக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடுமோ என்று யோசிக்கிறேன். மறுபடி சத்திரசிகிச்சை என்பதை எதை வைத்து முடிவுசெய்வார்கள்?

கண் பரிசோதனைத் துறையில் பணிபுரிபவர்:
பின்னேரத்தில் கண் விலகும்போது, பிள்ளை தூரத்தைப் பார்க்கும் நிலையில் சிறிய வீடியோ ஒன்று எடுத்துவையுங்கள். ஒரு கண்ணைச் சிறிது நேரம் மூடிவைத்து அளந்தாலே மறைந்திருக்கும் விலகல் வெளிப்பட்டுவிடும், ஆகவே காலை நேரம் என்று கவலைப்பட வேண்டாம். எந்தத் தசையில் என்ன செய்யப்பட்டது என்பது கொழும்பில் தந்த டயக்னோசிஸ் கார்டில், அதாவது வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் சிகிச்சை விபர அட்டையில், இருக்கும். அதை மறக்காமல் கொண்டுபோங்கள். விலகல் நாளின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறதா, ஆழம் உணரும் பார்வை குறைகிறதா என்பவற்றைச் சில சந்திப்புகளில் ஒப்பிட்டுப் பார்த்தே பெரும்பாலும் இரண்டாவது சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள்.