-ஓ2 போட்டால் 64 பிட் கூட்டல் தப்பு: கம்பைலரில் பக் (பிழை) இருக்கிறதா?

கேள்வி:
கார்டெக்ஸ்-எம்4 (32 பிட் ஏஆர்எம் பிராசசர்), ஜிசிசி கம்பைலர். இரண்டு 64 பிட் எண்களைக் கூட்ட இன்லைன் அசெம்பிளியில் (சி கோடுக்குள்ளேயே எழுதும் அசெம்பிளி) ஒரு சின்ன ஃபங்ஷன். ஒரே ஆஸ்ம் ஸ்டேட்மென்டுக்குள் முதலில் ஆட்ஸ் (கீழ் பாதிகளைக் கூட்டி கேரியை ஃபிளாகில் வைக்கும்), அடுத்து ஏடிசி (மேல் பாதிகளை அந்தக் கேரியோடு கூட்டும்). -ஓ0-வில் (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) சரி. -ஓ2-வில் (ஆப்டிமைசேஷனோடு) 5-ஐயும் 7-ஐயும் கூட்டினால் கீழ் 32 பிட் 12, மேல் 32 பிட்டும் 12! வாலடைல் போட்டும் அதே கதை. ஆப்ஜ்டம்ப்பில் (உருவான மெஷின் கோடைக் காட்டும் டூல்; ஒவ்வொரு வரியிலும் முதல் ரெஜிஸ்டரில்தான் விடை):

ஆட்ஸ் ஆர்5, ஆர்4, ஆர்6
ஏடிசி ஆர்4, ஆர்5, ஆர்7

ஜிசிசிக்கு பக் ரிப்போர்ட் போடலாமா?

பதில் 1:
வேண்டாம், தப்பு கான்ஸ்ட்ரெய்ன்டில் (ஆஸ்முக்கு எந்த ரெஜிஸ்டர் தரலாம் என்று ஜிசிசிக்குச் சொல்லும் குறிப்பு). முதல் எண்ணின் மேல் பாதி ஆர்5-இல் இருக்கிறது. ஆட்ஸ் தன் விடையை அங்கேயே எழுதி அதை அழித்துவிட்டது. ஏடிசி படிப்பது அந்த 12-ஐ.

இன்புட் எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகுதான் அவுட்புட் எழுதப்படும் என்பது ஜிசிசியின் கணக்கு. அதனால் இரண்டுக்கும் ஒரே ரெஜிஸ்டரைத் தர அதற்கு உரிமை உண்டு. கீழ் பாதி அவுட்புட்டின் "=ஆர்" என்பதை "=&ஆர்" ஆக்குங்கள் (இன்புட் படித்து முடியும் முன்பே இது எழுதப்படும் என்று பொருள்). கிளாபர் பட்டியலில் (ஆஸ்ம் கூடவே மாற்றிவிடும் மற்றவற்றின் பட்டியல்) "சிசி" (ஃபிளாக்) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்ஸ் ஃபிளாகை மாற்றுகிறது. வாலடைல் இதற்கு உதவாது, அது ஸ்டேட்மென்டை நீக்காமல் காப்பதோடு சரி.

-ஓ0-வில் சரியாக வந்தது தற்செயல். தனி ஃபங்ஷனாக நின்றால் ஆர்0, ஆர்1-இல் வந்த எண்ணின் மேலேயே விடையும் வரிசையாக விழுந்து தப்பிக்கலாம். இன்லைன் ஆனதும் ரெஜிஸ்டர் பங்கீடு மாறி குட்டு உடைகிறது.

பதில் 2:
ஆஸ்ம் இல்லாத கோடில் இப்படி வந்தால்: பாதி ஆப்ஜெக்ட் ஃபைல்களை -ஓ0-விலும் மீதியை -ஓ2-விலும் கட்டி லிங்க் செய்யுங்கள். பாதி பாதியாகக் குறைத்தால் 64 ஃபைலுக்கு 6 முறை போதும். சிக்கிய ஃபைலை -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-அலியாசிங், -எஃப்ராப்வி (சில சி விதிமீறல்களை கம்பைலர் பொறுத்துக்கொள்ளச் செய்பவை) இரண்டும் சேர்த்துக் கட்டுங்கள். கோளாறு மறைந்தால் பெரும்பாலும் சி கோடுதான் குற்றவாளி. ஹோஸ்டில் (உங்கள் பிசியில்) யூபிசான் (சி விதிமீறல்களை ஓடும்போதே பிடிக்கும் சோதனை) ஓட்டுவதும் நல்லது, ஆனால் அது ஆஸ்முக்குள் எட்டிப் பார்க்காது. இத்தனைக்குப் பிறகும் நின்றால் சி-ரெட்யூஸில் (கோளாறு காட்டும் கோடைச் சிறிதாக்கும் டூல்) சுருக்கி, -சேவ்-டெம்ப்ஸ் தரும் .ஐ ஃபைல் (ப்ரீபிராசஸ் ஆன கோடு), வெர்ஷன், முழு கமாண்ட் லைன் மூன்றோடும் ரிப்போர்ட் போடுங்கள்.

பதில் 3:
இதற்கு ஆஸ்மே எதற்கு? சியில் இரண்டு 64 பிட் எண்களுக்கு நடுவே ஒரு கூட்டல் குறி போட்டாலே -ஓ2-வில் அதே ஆட்ஸ், ஏடிசி ஜோடி வரும்.