கல்லுக்கு யார் ஜாதகம் எழுதியது?

வள்ளியூரான்:
வீட்டு வேலைக்கு இறக்கிய ஜல்லிக் குவியலில் ரோஸ் வரி ஓடிய கல் ஒன்று, வெயிலில் கறுப்பு மைக்கா மினுமினுத்தது, எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தேன், அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டு ஏர் மலைப்பக்கம் வட்ட வட்டமாக இருக்கிற கிரானைட்டுக்கு 40 கோடி ஆண்டுக்கு மேல் வயசாம். தெற்கே வர வரக் குறைந்து நைஜீரியாவின் ஜோஸ் பீடபூமியில் சுமார் 17 கோடியாம். அதனால் பாறைக்குழம்பு எழும்பிய இடமே தெற்கே நகர்ந்தது என்கிறார்கள். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பணகுடி, ராதாபுரம் குவாரிக் கல்லை வரிசையாகக் கொடுத்தால் நமக்கும் இப்படி ஒரு கோடு வருமா?

பொதிகைச்சாரல்:
ஜாதகம் சிர்க்கான் என்கிற பொடி மணிக்குள் இருக்கிறது. பல மணிகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். குழம்பு ஆறி உறையும்போது அது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டத்தட்ட உள்ளே விடவே விடாது. ஆக இன்றைக்கு உள்ளே கிடக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான், ஈயம் எவ்வளவு, மிச்ச யுரேனியம் எவ்வளவு என்று அளந்தால் வயசு தெரிந்துவிடும். யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு, 235-க்கு 70 கோடி. ஒரே மணியில் இரண்டு கடிகாரம், இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம்.

பழைய குவாரிக்காரன்:
அண்ணாச்சி, கோடு போடுமுன் எந்தக் கடிகாரம் என்று கேளுங்கள். மைக்காவில் பொட்டாசியம்-ஆர்கான் (பொட்டாசியம் சிதைந்து ஆர்கான் வாயுவாகிற கணக்கு) பார்த்தால், சூடு சுமார் 300 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் ஆர்கான் தங்கும். அது கல் ஆறிய தேதி, பிறந்த தேதி இல்லை. ஜோஸ் கல் மேலாக எழும்பி சட்டென்று ஆறியது, அங்கே இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. நம்ம கதை வேறு. நாகர்கோவில் பக்கத்து சார்னோகைட் (கிரானைட் மாதிரி ஒரு கல்) பிறந்தது சுமார் 200 கோடி ஆண்டு முன்னால், அப்புறம் 55 கோடி ஆண்டு வாக்கில் இந்தத் தெற்குச் சீமையே மறுபடி வெந்தது. சிர்க்கானை அறுத்துப் பார்த்தால் நடுவில் பழைய வயசு, ஓரத்து வளையத்தில் புது வயசு. மைக்காவுக்குப் பழசெல்லாம் மறந்துவிட்டது. அதை நம்பி இங்கே அம்புக்குறி போட்டால் மலை ஆறிய வரிசைதான் வரும்.

வள்ளியூரான்:
சரி, அப்போ என் ஜன்னல் கல்?

பழைய குவாரிக்காரன்:
கிரஷர் ஜல்லி எந்தக் குழியில் இருந்து வந்ததென்று லாரிக்காரருக்கே தெரியாது. ஆசை இருந்தால் குவாரிச் சுவரில் வெயில், மழை தின்னாத முகத்தில் இருந்து அஞ்சு பத்து கிலோ உடைத்து, இடத்தைக் குறித்து வையுங்கள். உங்கள் ரோஸ் வரிக் கல்லை ஜன்னலிலேயே இருக்கவிடுங்கள்.