கேப்டன் அமெரிக்கா 1 முதல் 99 வரை யாரிடமாவது இருக்கிறதா?

எக்செல்_ராமு:
என்னிடம் உள்ள காமிக்ஸ்களை எல்லாம் எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 1968 ஏப்ரல் என்று போட்ட ‘கேப்டன் அமெரிக்கா’ 100ஆம் இதழ் போன மாதம் கிடைத்தது. விற்றவரே “மீதி 99ஐயும் தேடித் தருகிறேன்” என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். இப்போது ஃபோனை எடுப்பதில்லை. ஷீட்டில் 99 வரிசை காலியாகக் கிடக்கிறது. பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. எங்கே கிடைக்கும்?

பழைய_பேப்பர்:
தம்பி, முன்பணத்தை மறந்துவிடுங்கள். அந்தத் தலைப்பில் 99ஆம் இதழ் என்று ஒன்று வரவே இல்லை.

அப்போது கேப்டனை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தின் புத்தகங்களைக் கடைகளுக்கு விநியோகித்தது இண்டிபெண்டன்ட் நியூஸ். அது போட்டியாளரான டிசியின் குடும்பத்து நிறுவனம். மாதத்துக்கு இத்தனை தலைப்புதான் எடுப்போம் என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். புதுப் புத்தகம் தொடங்க வழியில்லை. அதனால் ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ என்ற ஒரே இதழில் அயர்ன் மேனும் கேப்டனும் பாதிப் பாதி குடியிருந்தார்கள். 1968இல் கட்டுப்பாடு தளர்ந்ததும் பாகப்பிரிவினை. சஸ்பென்ஸ் 99ஓடு பெயர் மாறியது. கேப்டன் பழைய எண்ணை வைத்துக்கொண்டு 100 ஆனார். அயர்ன் மேனுக்குப் புதிதாக 1. ஹல்க் 102இல் தொடங்குவதும் இதே கதைதான், அங்கே தாய் இதழ் ‘டேல்ஸ் டு அஸ்டானிஷ்’.

கேப்டனின் தொடர் கதை வேண்டுமென்றால் சஸ்பென்ஸ் 59இலிருந்து தேடுங்கள்.

எக்செல்_ராமு:
அண்ணே, 1941இலேயே ‘கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ்’ 1 வந்ததே?

பழைய_பேப்பர்:
வந்தது. 1954இல் 78ஓடு நின்றுபோனது. அது தனிக் கணக்கு, இதோடு சேர்க்காதீர்கள்.

தபால்கார_மாமா:
எண்ணைத் தொடர்வதில் காசு விஷயமும் உண்டு. அமெரிக்காவில் பத்திரிகைக்கான சலுகைத் தபால் கட்டணம் பெற அனுமதி வாங்க வேண்டும். புதுத் தலைப்பு என்றால் மறுபடி பணம் கட்ட வேண்டும். அதனால் இசி காமிக்ஸ் 1950இல் ‘கன்ஃபைட்டர்’ என்ற கௌபாய் இதழை 14ஓடு நிறுத்தி, ‘ஹாண்ட் ஆஃப் ஃபியர்’ என்ற பேய்க்கதை இதழை 15 என்றே தொடங்கியது. துப்பாக்கிக்காரன் வாரிசாகப் பேய்! தபால் துறை ஒத்துக்கொள்ளவில்லை. 15, 16, 17 வந்த பிறகு அடுத்த இதழ் 4. வாங்கியவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

நம் ஊர் அமர் சித்திர கதாவில் ‘கிருஷ்ணா’ 11ஆம் எண். முதல் பத்தும் ஜாக்கும் அவரைக்கொடியும் மாதிரி வெளிநாட்டுக் கதைகள். இப்போது வரும் பதிப்பில் அதே கிருஷ்ணாவுக்கு 501. ஜப்பானின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழோ ஆண்டுதோறும் 1இலிருந்து எண்ணுகிறது, நம் வாரப் பத்திரிகை மாதிரி.

பழைய_பேப்பர்:
மார்வெல் 2018இலிருந்து அட்டையில் இரண்டு எண் போடுகிறது. அந்த ஆண்டின் ‘அமேசிங் ஸ்பைடர் மேன்’ 1க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 802. சென்னை விலாசத்தில் பழைய எண், புதிய எண் போடுவார்களே, அதே.

எக்செல்_ராமு:
ஷீட்டில் இரண்டு எண்ணுக்கும் இரண்டு நெடுவரிசை சேர்த்துவிட்டேன். 99 வரிசையையும் அழித்தாயிற்று. சஸ்பென்ஸ் 59 யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். முன்பணம் கிடையாது.