டெஸ்ட்ல எல்லாம் பாஸ், ஆனா மெஷின் சரியில்லை: நீங்க பார்த்த கேஸ் எது?

ஒற்றைபிட்

16 ஜிபி ரேம், 8+8-னு ரெண்டு ஸ்டிக். பெரிய ஜிப் ஃபைலைப் பிரிச்சா சிஆர்சி எரர், அதாவது டேட்டா சிதைஞ்சிருக்குன்னு சொல்லுது. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஃபைல்ல வருது, அதுதான் துப்பு. டிஸ்க் கெட்டிருந்தா பெரும்பாலும் அதே ஃபைல்லதான் திரும்பத் திரும்ப அடிபடும். விண்டோஸோட வர்ற மெமரி டயக்னாஸ்டிக் பிரச்சினை எதுவும் காட்டல. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி ஓட்டினா முதல் பாஸும் (பாஸ்னா இங்க ஒரு சுற்று) சுத்தம். மூணாவது பாஸ்ல ஒரு வரி: வரவேண்டியது 00000000, வந்தது 00000400. ஒரே ஒரு பிட். நாலாவது பாஸ்லயும் அதே அட்ரஸ், அதே பிட்.

முதல் பாஸ் சுருக்கமாத்தான் ஓடும், அதை நம்பி நிறுத்தாதீங்க. இலவசப் பதிப்புல 4 பாஸ் வரைக்கும் போகும், நாலும் முடியணும்.

கடிகாரவேகம்

எக்ஸ்எம்பியை (ரேமை அதிக வேகத்துல ஓட்டுற பயாஸ் செட்டிங்) ஆஃப் பண்ணி ஓட்டாம ஸ்டிக் போச்சுன்னு முடிவு கட்டக்கூடாது நண்பரே. 3200-க்கு விற்கிற டிடிஆர்4 ஸ்டிக், எக்ஸ்எம்பி இல்லாம பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666-லதான் ஓடும். அந்த வேகத்துல எரர் மறைஞ்சா, ஸ்டிக் செத்துப் போகல. அந்த போர்டும் பிராசஸரும் 3200-ஐத் தாங்காம இருக்கலாம். குறைஞ்ச வேகத்துலயும் அதே அட்ரஸ்ல வந்தா மட்டும் ஸ்டிக்கைச் சந்தேகப்படுங்க. அப்பவும் ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியா, ஒரே ஸ்லாட்ல வெச்சு ஓட்டணும். ஸ்லாட்டையும் சேர்த்து மாத்தினா குற்றவாளி யாருன்னே தெரியாது.

இன்னொண்ணு, மெஷின் விவரம் காட்டுற சிபியு-இசட்ல மெமரி பக்கம் 1600 மெகாஹெர்ட்ஸ்னு காட்டினா பதறாதீங்க. டிடிஆர்ல ஒரு கிளாக்குக்கு ரெண்டு தடவை டேட்டா போகுது, அதனால 1600-னா 3200-தான்.

வரிசைஎழுத்து

எஸ்எஸ்டி கேஸ். டிரைவ் வேகத்தை அளக்கிற கிரிஸ்டல்டிஸ்க்மார்க்ல எழுதும் வேகம் விநாடிக்கு 3000 எம்பி. 80 ஜிபி ஃபோல்டரைக் காப்பி பண்ணும்போது முதல் 20 ஜிபி பறக்குது, அப்புறம் டாஸ்க் மேனேஜர் கிராஃப் படிக்கட்டுல இறங்கின மாதிரி 150-க்கு விழுந்து அங்கேயே நிக்குது. டெஸ்ட் பொய் சொல்லல. அது எழுதுற டெஸ்ட் ஃபைல் வெறும் 1 ஜிபி, எஸ்எல்சி கேஷுக்குள்ளேயே (டிரைவ்ல வேகமா எழுதுறதுக்கான சின்னப் பகுதி) அடங்கிடும். உண்மையான வேகம் வேணும்னா ஒரு பெரிய ஃபைலை நிஜமாவே காப்பி பண்ணிப் பாருங்க. மூலமா இருக்கிற டிரைவும் அதே வேகத்துல இருக்கணும். டிரைவ் முக்கால்வாசி நிரம்பியிருந்தா கேஷும் சுருங்கும், அதனால காலியா இருந்தப்ப வந்த எண்ணோட ஒப்பிடாதீங்க.

சி7பார்

டிஸ்க் நிலைமையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நீலத்துல 'குட்' காட்டும், ஆனா சிஸ்டம் அவ்வப்போது அரை நிமிஷம் உறைஞ்சு நிக்கும். சி5 (மாற்றக் காத்திருக்கும் செக்டர்கள்) பூஜ்யம், 05-ம் (ஏற்கனவே மாற்றப்பட்ட செக்டர்கள்) பூஜ்யம். சி7 மட்டும் தினமும் ஏறுது. அது சிஆர்சி எரர் எண்ணிக்கை. டிரைவுக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா சிதையுது. சாட்டா கேபிளை மாத்தினதும் ஏறுறது நின்னுச்சு. பழைய எண் அப்படியேதான் இருக்கும், பூஜ்யத்துக்குத் திரும்பாது. ஏறுதான்னு மட்டும் பாருங்க. கச்சா மதிப்பு பதினாறடிமானத்துல வரும், 10-னு இருந்தா 16-னு அர்த்தம்.

அடாப்டர்

லேப்டாப். பிராசஸர் வேகத்தை அளக்கிற சினிபெஞ்ச் 10 நிமிஷம் ஓட்டினா ஸ்கோர் பாதிகூட வரல. எல்லாரும் தெர்மல் பேஸ்ட்டை மாத்தச் சொன்னாங்க. சென்சார் அளவுகளைக் காட்டுற ஹெச்டபிள்யூஇன்ஃபோ64-ஐ சென்சார் மட்டும் மோட்ல திறந்தா வெப்பம் 58 டிகிரி, தெர்மல் த்ராட்லிங் (சூட்டால வேகத்தைக் குறைக்கிறது) 'நோ', கிளாக் 800 மெகாஹெர்ட்ஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. சூடே இல்லாம கிளாக் விழுந்தா அது பெரும்பாலும் பவர் விஷயம். 65 வாட் கேட்கிற மெஷின்ல 45 வாட் சார்ஜர் செருகியிருந்தது.

மெதுவா

கேட்காமலே சொல்றேன், பொறுத்துக்கோங்க. டெஸ்ட் ஓட்டுற வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல டிஸ்கோட ஸ்மார்ட் விவரத்தை (மேலே சொன்ன சி5, சி7 மாதிரி டிஸ்க் தானே குறிச்சு வெக்கிற எண்கள்) படிங்க. படிக்கிறதால டிஸ்குக்குச் சேதம் இல்லை. சி5 ஏறியிருந்தா வேற எதுவும் ஓட்டாம டேட்டாவை வெளியே எடுங்க. அடுத்தது ரேம். ரேம் சுத்தம்னு தெரியிற வரைக்கும் டிஸ்க் பிழையைத் திருத்துற விண்டோஸ் செக்டிஸ்க்கை ரிப்பேர் மோட்ல ஓட்டவே ஓட்டாதீங்க. டிஸ்க்ல படிச்சது ரேம் வழியாத்தான் திரும்ப எழுதப்படும். ரேம்ல ஒரு பிட் புரண்டா, நல்லா இருந்த ஃபைல் அட்டவணையையும் தப்பா 'திருத்தி' எழுதிடும். மேலே ஒற்றைபிட் சொன்ன மெஷின்ல அதைச் செஞ்சிருந்தா ஃபோல்டரே காணாமப் போயிருக்கலாம்.

கடைசியாத்தான் பிரைம்95, பிராசஸரைக் கசக்குற டெஸ்ட். திறந்ததும் பகா எண் தேடும் திட்டத்துல சேரச் சொல்லும். வெறும் ஸ்ட்ரெஸ் டெஸ்டிங்கைத் தேர்ந்தெடுங்க. அதுல ஸ்மால் எஃப்எஃப்டிங்கிற டெஸ்ட் பிராசஸரை உச்சத்துக்குச் சூடாக்கும், ஆனா டேட்டா கேஷுக்குள்ளேயே சுத்துறதால ரேமைத் தொடாது. ரேமும் சேரணும்னா பிளெண்ட்ங்கிற டெஸ்ட். கணக்கு தப்பினா ஒரு வொர்க்கர் (டெஸ்டைப் பிரிச்சு ஓட்டுற பகுதிகள்ல ஒண்ணு) 'ரவுண்டிங் 0.5, 0.4-க்குக் குறைவா இருக்கணும்'னு சொல்லி நின்னுடும், மத்தவை ஓடிக்கிட்டே இருக்கும். அதனால சிஸ்டம் விழலைங்கிறதை வெச்சு பாஸ்னு நினைக்காம, ஒவ்வொரு வொர்க்கர் சன்னலையும் பாருங்க. லேப்டாப்ல இதையும் கிராஃபிக்ஸைக் கசக்குற ஃபர்மார்க்கையும் சேர்த்து ஓட்டாதீங்க.

ஒற்றைபிட்

கடிகாரவேகம், நீங்க சொன்ன மாதிரியே எக்ஸ்எம்பி ஆஃப், வேகம் 2133. ஒவ்வொரு ஸ்டிக்கையும் அதே ஸ்லாட்ல 4 பாஸ் ஓட்டியாச்சு. ஒண்ணு சுத்தம், இன்னொண்ணுல பழைய 00000400. ஸ்டிக்தான்.